500 டாலர் காரில் 14 மணி நேர ரேஸ்: நாங்கள் கட்டியதும், உடைந்ததும், பராமரிப்பதும்

நாலாம்கியர்:

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, 500 டாலர் காரில் ரேஸ் ஓட்டுகிறீர்களாமே, உண்மையா?" உண்மைதான். ஆனால் அந்த 500 என்ற எண்ணை நம்பி யாரும் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது ஹூஸ்டனில். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 90களில் வந்த ஒரு ஜப்பானிய ஹேட்ச்பேக்கை வாங்கி, "24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்" ரேஸுக்குத் தயார் செய்தோம். மூன்று வருடமாக ஓட்டுகிறோம். பிரான்சின் லெ மான் 24 மணி நேர ரேஸைத் தெரியும் அல்லவா? அந்தப் பெயரை வைத்து விளையாடிய பெயர் இது. அமெரிக்காவில் ஓட்டைக் காரை "லெமன்" என்பார்கள். 2006இல் ஜே லாம் என்பவர் கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் டிராக்கில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க நடக்கிறது. பெயரில் 24 இருந்தாலும் பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு பகலிலும் சேர்த்து 14, 15 மணி நேரம்தான் ஓட்டம்.

கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட் மாதிரியான பாதுகாப்புப் பொருட்கள், பிரேக், சக்கரம், டயர் இவை அந்தக் கணக்கில் வராது. காரிலிருந்து கழற்றி விற்ற பாகங்களின் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். பின்சீட், ரேடியோ, கதவு அட்டை, ஏசி கம்ப்ரசர் எல்லாம் விற்று நாங்கள் 180 டாலர் மீட்டோம். விலையில் ஏமாற்றியதாக நடுவர்களுக்குத் தோன்றினால் ரேஸ் தொடங்கும் முன்பே தண்டனைச் சுற்றுகளைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

எங்கள் கார் 450 டாலர். டிராக்கில் இறங்கிய நாளில் மொத்தச் செலவு 7,500ஐத் தாண்டிவிட்டது. அதில் ரோல் கேஜ் மட்டும் 2,600. சீட், பெல்ட், தீயணைப்பு அமைப்பு, காரின் மின்சாரத்தை ஒரே திருப்பில் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் சேர்ந்து இன்னொரு பெரிய தொகை. ஆளுக்கு ஒரு நெருப்பு தாங்கும் உடை, ஹெல்மெட், மோதும்போது தலை முன்னால் வீசப்படாமல் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி. ஹெல்மெட்டில் கார் ரேஸுக்கான "எஸ்ஏ" தர முத்திரை வேண்டும், பைக் ஹெல்மெட் செல்லாது, ஏனென்றால் அதன் உள்பஞ்சு நெருப்பைத் தாங்காது. இதையெல்லாம் பழையது கிடைக்குமா, குறைத்து வாங்கலாமா என்று தேடவே வேண்டாம். எங்கள் வீட்டில் ரேஸ் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வியே "தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவாய்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும் வரை வேறு எதற்கும் ஒரு டாலர்கூடச் செலவு செய்யவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

வேகம்பிடி:

அருமை நண்பரே. ஒரு சந்தேகம். எஞ்சினில் என்ன செய்தீர்கள்? கேம் ஷாஃப்ட், ஹெடர், இன்டேக் ஏதாவது? நான் கட்டினால் முதலில் எஞ்சினில்தான் கை வைப்பேன். நேர் ரோட்டில் எல்லோரும் தாண்டிப் போனால் மனசு கேட்காது.

நாலாம்கியர்:

எஞ்சினில் ஒன்றுமே செய்யவில்லை. கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

எங்கள் பக்கத்து டிராக், ஆங்கிள்டனில் உள்ள எம்எஸ்ஆர் ஹூஸ்டன், ஒரு சுற்று 2.38 மைல். எங்கள் மாதிரிக் காருக்குச் சுமார் 2 நிமிடம். 14 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 420 சுற்று. நீங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு சுற்றுக்கு 2 வினாடி மிச்சம் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 840 வினாடி, அதாவது 14 நிமிடம். 7 சுற்று லாபம்.

இப்போது ஒரு வீல் பேரிங் (சக்கரம் சுழலத் தாங்கும் உருளை வளையம்) போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பழகிய கைகளே மாற்ற 50 நிமிடம் ஆகும். 25 சுற்று போச்சு. நீங்கள் சம்பாதித்த 7ஐப் போல மூன்றரை மடங்கு, ஒரே ஒரு பேரிங்கில்.

நாங்கள் 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் எஞ்சினை விரட்டுவதில்லை. அது டேஷ்போர்டில் சிவப்பு டேப்பாக ஒட்டியிருக்கிறது. நேர் ரோட்டில் தாண்டிப் போகிறவர்கள் போகட்டும். அவர்களில் பாதிப் பேரை மத்தியானம் பிட்டில் (டிராக் ஓரத்தில் கார்களைப் பழுது பார்க்கும் இடம்) பானெட்டைத் திறந்து வைத்தபடி பார்ப்போம்.

வேகம்பிடி:

கணக்கு புரிகிறது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். டயரும் சஸ்பென்ஷனும் வேகத்துக்கும் நல்லது, காருக்கும் நல்லது. அதில் செலவு செய்யலாம் இல்லையா?

நாலாம்கியர்:

அதை ஒப்புக்கொள்கிறேன். ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 அளவில் உள்ள டயர்தான் இந்த ரேஸ்களில் எல்லோரும் போடுவது. அதில் நல்லதாக வாங்குங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டரை முதல் மூன்று டிகிரி உள்சாய்வு கொடுங்கள் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய வேண்டும்), இல்லாவிட்டால் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து ஒரே நாளில் போய்விடும். ஸ்டின்ட் (ஒருவர் தொடர்ந்து ஓட்டும் முறை) முடிந்து கார் பிட்டுக்கு வந்ததும் டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் சூடு பார்த்து எழுதி வையுங்கள். சாய்வு சரியா, காற்று சரியா என்று அந்த மூன்று எண்ணே சொல்லிவிடும்.

வெல்டிங்பொறி:

கேஜ் பற்றி நான் சொல்கிறேன், தொழிலே அதுதான். 3,000 பவுண்டுக்குள் இருக்கும் காருக்கு ஒன்றரை அங்குல வெளிவிட்டம், 0.095 அங்குலச் சுவர் கொண்ட குழாய். அதாவது 38 மில்லிமீட்டர் குழாய், 2.4 மில்லிமீட்டர் கனம். தண்ணீர்க் குழாய், எக்ஸாஸ்ட் குழாய் எதுவும் கூடாது.

புதிதாகச் செய்பவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு இணைப்பிலும் வெல்டு முழு வட்டமாகச் சுற்றி வர வேண்டும். கூரையோடு ஒட்டி இருக்கும் மேல் இணைப்பில் டார்ச் நுழையாது. அதனால் முக்கால் வட்டம் வெல்டு போட்டுவிட்டு மீதியை விட்டுவிடுவார்கள். ரேஸுக்கு முன் காரைச் சோதனை செய்கிறவர் விரலை அங்கேதான் முதலில் விடுவார். வழி என்ன என்றால், கேஜின் கால் நிற்கும் இடத்தில் தரையில் ஓட்டை போட்டு, மொத்தக் கேஜையும் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்குங்கள். மேலே இடம் கிடைக்கும், சுற்றி வெல்டு போடுங்கள். அப்புறம் தூக்கி, கீழே தகடு வைத்து அதன் மேல் உட்கார வைத்து வெல்டு போடுங்கள். ஒரு நாள் வேலை கூடும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தோள் பெல்ட் பின்னால் போகும்போது தோள் மட்டத்திலிருந்து நேராகவோ சற்றுக் கீழாகவோ போக வேண்டும், 20 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. ரொம்பக் கீழே கட்டினால் மோதும்போது அந்த பெல்ட்டே முதுகெலும்பை அழுத்தும். சீட்டைப் பொருத்தி ஆளை உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான் பெல்ட்டைக் கட்டும் குழாயின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

புதுஓட்டி:

நாலாம்கியர் அண்ணா, முதல் ரேஸில் என்ன உடைந்தது? தலைப்பில் "உடைந்ததும்" என்று போட்டிருக்கிறீர்கள், இன்னும் சொல்லவில்லையே.

நாலாம்கியர்:

சொல்கிறேன் தம்பி. இதைச் சொல்லத்தான் இழையையே தொடங்கினேன்.

முதல் ரேஸுக்குப் புது அலுமினிய ரேடியேட்டர் போட்டோம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் புதுசு. தெர்மோஸ்டாட் புதுசு. ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளையெல்லாம் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தோம், அப்போதுதான் காற்று ரேடியேட்டரைச் சுற்றி ஓடாமல் அதன் ஊடாகப் போகும். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரும் வெட்டிங் திரவமும் (தண்ணீர் உலோகத்தோடு நன்றாக ஒட்டிச் சூட்டை இழுக்க உதவுவது). ரேஸில் சாதாரண கூலன்ட் ஊற்றக் கூடாது. அது டிராக்கில் கொட்டினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், சீக்கிரம் காயாது, பின்னால் வருகிறவன் சுழல்வான். தண்ணீர் கொதித்துவிடாதா என்றால், 15 பவுண்டு அழுத்த மூடி நன்றாக வேலை செய்தால் 120 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதனால் மூடியும் புதுசு.

எல்லாம் செய்தோம். ஹீட்டருக்குப் போகும் இரண்டு சின்ன ஹோஸை மட்டும் விட்டுவிட்டோம். டெக்சாஸில் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள் என்று அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஆனால் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஹோஸில் எஞ்சினின் வெந்நீர் அதே அழுத்தத்தில்தான் நிற்கிறது. 25 வருட ரப்பர்.

சனிக்கிழமை ஐந்தாவது மணி நேரம் அது வெடித்தது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் அருமையான ஓட்டுநர், கண் எப்போதும் மீட்டரில் இருக்கும். அவன் ரேடியோவில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சூடு இறங்கிவிட்டது, முள் கீழே வந்துவிட்டது, காற்று நன்றாக அடிக்கிறது போல." நாங்களும் பிட்டில் சந்தோஷப்பட்டோம். மூன்று சுற்று கழித்து எஞ்சின் இறுகி நின்றது.

சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் முழுதும் போய்விட்டால் அது வெறும் இடத்தில் தொங்குகிறது, முள் கீழே விழுகிறது. எஞ்சின் உள்ளே வெந்து சாகும்போது மீட்டர் "எல்லாம் நலம்" என்கிறது.

அன்று இரவு ஒருவர் 250 டாலருக்கு விற்ற எஞ்சினைப் பக்கத்து ஊரிலிருந்து ஏற்றி வந்தோம். பக்கத்து டீம் தூக்கும் கிரேனைக் கொடுத்தார்கள், அவர்களில் இரண்டு பேர் கூடவே படுத்து போல்ட் கழற்றினார்கள். எங்களை அதற்கு முன் பார்த்ததே இல்லை. விடியற்காலை நாலரைக்கு எஞ்சின் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஓட்டி முடித்தோம்.

இப்போது காரில் இரண்டு மாற்றம். ஒன்று, ஹீட்டரே இல்லை. இரண்டு, தண்ணீருக்கு ஒரு அழுத்த சுவிட்ச் வைத்து, அழுத்தம் விழுந்தால் கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. ஆயிலுக்கும் அதே மாதிரி ஒன்று. 14 மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவன் மீட்டரைப் பார்க்க மாட்டான், விளக்கைத்தான் பார்ப்பான். விளக்கு எரிந்தால் "பிட் வரை தாங்கும்" என்று யோசிக்காமல் உடனே எஞ்சினை நிறுத்தி ஓரமாக உருட்ட வேண்டும். டிராக்கில் நின்றால் கட்டி இழுத்து வருவார்கள், பத்து இருபது நிமிடம் போகும். எஞ்சின் மிஞ்சும்.

கோவைலேத்:

தம்பி, படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. நான் கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். குறைந்த செலவில் ரேஸ் கார் என்றதும் எங்கள் ஊர் கரிவர்தன் நினைவு வராமல் இருக்காது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றைச் சீட்டு ரேஸ் கார்களை இங்கேயே கட்டி, சாதாரணப் பையன்களும் ரேஸ் ஓட்ட வழி செய்தவர். 1995இல் போய்ச் சேர்ந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவர் பெயர்தான். எட்டாத விலையில் வெளிநாட்டுக் கார் வாங்குவதற்குப் பதிலாக, கிடைக்கிற எஞ்சினை எடுத்து, உடைந்தால் உள்ளூரிலேயே சரி செய்கிற மாதிரி கட்டினார். நீங்கள் அங்கே செய்வதும் அதே யோசனைதான்.

வீல் பேரிங் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பக்கம் வளைவு அதிகமோ அதற்கு எதிர்ப்பக்க முன் பேரிங்தான் முதலில் போகும், பாரமெல்லாம் அங்கே சாய்கிறது. பிரேக் டிஸ்க்கின் சூடு ஹப்புக்கு ஏறி கிரீஸ் உருகி வழிந்துவிடும். டிராக்கில் வைத்து பேரிங்கை மட்டும் தட்டி ஏற்ற நினைக்காதீர்கள், பிரஸ் இல்லாமல் அது நடக்காது. வீட்டிலேயே நக்கிளில் (சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் இணைக்கும் இரும்புப் பாகம்) புது பேரிங்கும் ஹப்பும் பிரஸ் போட்டு, முழு செட்டாக இரண்டு எடுத்துப் போங்கள். போல்ட்டைக் கழற்றி அப்படியே மாட்டிவிடலாம். வீல் போல்ட்டும் பழசை நம்ப வேண்டாம். சக்கரத்தைப் பல தடவை கழற்றி மாட்டுகிற வேலை இது, புதுசு போடுங்கள்.

நாலாம்கியர்:

ஐயா, நீங்கள் சொன்ன அந்த முழு நக்கிள் யோசனையைத்தான் இரண்டாம் வருடம் கற்றுக்கொண்டோம். 50 நிமிட வேலை 22 நிமிடம் ஆனது. சக்கர நட்டை முதல் ஸ்டின்ட் முடிந்து சூடு ஆறியதும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை இறுக்குவதையும் வழக்கமாக்கிவிட்டோம்.

லண்டன்ரயர்:

வணக்கம் அண்ணாமார். நான் லண்டனில இருக்கிறன். இங்க சிட்ரோயன் சி1 காருக்கென்றே ஒரு கிளப் இருக்கு. எல்லாருக்கும் ஒரே கார், ஒரு லீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சின். சில்வர்ஸ்டோன், ஸ்பாவில எல்லாம் 24 மணித்தியாலம் ஓடியிருக்கினம், உண்மையாகவே இரவு முழுக்க. ஒரே மாதிரியான கார் என்றபடியால் காசு கூடக் கொட்டினவர் வெல்லலாம் என்ற கதையே குறைவு.

இரவு ஓட்டத்துக்கு ஆயத்தமாகிற ஆக்களுக்கு ஒன்று சொல்லுவன். முன் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடையுங்கோ. வெளிப்பக்கத்தை எல்லாரும் துடைப்பினம். உள்ளே படிந்த புகை பகலில் தெரியாது, இரவு பின்னால வாற காரின் வெளிச்சம் பட்டவுடன் ஒன்றும் தெரியாது. மற்றது, சாரதி மாறுவதை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பழகுங்கோ. பெல்ட் மாட்டுறது, ரேடியோ வயர், சீட்டுக்குள் வைக்கிற மெத்தை. நாங்கள் முதல் முறை நாலு நிமிடம் எடுத்தம், பத்துத் தரம் பழகின பிறகு ஒன்றரை.

புதுஓட்டி:

பெட்ரோல் போடுவது எப்படி அண்ணா? டிவியில் பார்ப்பது மாதிரி ஐந்து வினாடியா?

நாலாம்கியர்:

இல்லை தம்பி, அவசரமே கூடாத இடம் அது. எஞ்சின் நிறுத்தி, ஓட்டுநர் இறங்கிய பிறகுதான் கேனைத் தூக்கலாம். ஊற்றுகிறவரும் ஹெல்மெட் முதல் உடை வரை முழுதாகப் போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானின் பின்னை எடுத்துவிட்டுக் கையில் பிடித்தபடி நிற்பார், அவருக்கு வேறு வேலையே கிடையாது. ஒரு டேங்க் எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், ஒரு ஓட்டுநரும் டெக்சாஸ் வெயிலில் அதற்கு மேல் தாங்க மாட்டார். அதனால் பெட்ரோலும் ஆளும் ஒன்றாகவே மாறும். ஐஸ் பெட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடும் பனியன் ஒன்று இருக்கிறது, அதை ஆடம்பரம் என்று நினைத்தேன். மயக்கம் வந்த ஓட்டுநரை ஒருமுறை தூக்கி இறக்கிய பிறகு அப்படி நினைப்பதில்லை.

சோதனையில் பலர் தோற்கும் இன்னொரு இடம் கட்-ஆஃப் சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது சுவிட்சைத் திருப்பினால் எஞ்சின் அணைய வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் அணையாது, ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், கார் பாட்டுக்கு ஓடும். அதனால் இக்னிஷன் லைனையும் சேர்த்து வெட்டுகிற சுவிட்ச் வாங்கி, ஆல்டர்னேட்டரின் மின்சாரம் வடிய ஒரு ரெசிஸ்டரும் போட வேண்டும். வியாழக்கிழமை இரவு வீட்டிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள்.

பிரேக்கில் பேடுக்குக் கொடுக்கும் கவனத்தை பிரேக் ஆயிலுக்கு யாரும் கொடுப்பதில்லை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரை வரை போகும். ரேஸ் ஆயில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும், விலை கொஞ்சம்தான் கூடுதல். ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் நாங்கள் முழுதாக மாற்றுகிறோம். சனி இரவு ஒருமுறை பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை எடுக்கிறோம். டிஸ்க்கில் மயிரிழை விரிசல் இருந்தால் பயமில்லை, அது ஓரம் வரை வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

புதுஓட்டி:

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்த பிறகு கேட்கிறேன், கட்டுவதா, கட்டி வைத்ததை வாங்குவதா?

வெல்டிங்பொறி:

என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன், வாங்குங்கள். கேஜ் போட்ட பழைய ரேஸ் கார், கட்டிய செலவில் பாதிக்குக் கிடைக்கும். வெல்டை மட்டும் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நாலாம்கியர்:

நானும் அதையே சொல்வேன். கட்டும்போது கிடைத்த சந்தோஷத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஒன்றரை வருட சனிக்கிழமைகள் அந்த ஷெட்டில் போயின. ஆனால் முதல் முறை ரேஸ் ஓட்ட வருகிறவருக்கு அந்த ஒன்றரை வருடத்தில் மூன்று ரேஸ் கிடைக்கும்.

புதுஓட்டி:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். மூன்று நண்பர்கள் சேர்ந்து கேஜ் போட்ட கார் ஒன்றை 3,200க்கு வாங்கிவிட்டோம். வெல்டைக் காட்டினோம், நன்றாக இருக்கிறது என்றார்கள். சீட் என் உயரத்துக்கு மாற்ற வேண்டும். பானெட்டைத் திறந்ததும் முதலில் தேடியது ஹீட்டர் ஹோஸைத்தான். இரண்டும் இருக்கின்றன, பழசு, கையால் அழுத்தினால் மொறுமொறு என்கிறது. இன்று இரவே வெட்டி எடுத்துவிட்டு இரண்டு வாயையும் அடைத்துவிடலாமா அண்ணா?

நாலாம்கியர்:

வாழ்த்துகள் தம்பி. எடுத்துவிடு, ஆனால் அடைக்காதே. சில எஞ்சின்களில் அந்த வழியாகத்தான் வெந்நீர் சுற்றி தெர்மோஸ்டாட்டுக்கு வரும், அடைத்தால் அது நேரத்துக்குத் திறக்காது. ஒரு புது ஹோஸை வளைத்து ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு இணைத்துவிடு, இரண்டு முனையிலும் புது கிளிப். எக்ஸாஸ்ட்டைத் தொடாமல் பார்த்துக்கொள். அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீர் ஊற்று. முடித்ததும் ஒரு படம் போடு, பார்த்துச் சொல்கிறேன்.